டன் கணக்கில் அடங்காத வேலை

பாலம் விழுவது என்றால் திருச்சிக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது வெள்ளம்தான். அதில் நியாயம் உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 2018 ஆகஸ்டில், திருவானைக்காவல் பக்கத்தையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் அடிமண் அரிபட்டுச் சாய்ந்தன. 1928-இல் கட்டிய பாலம் அது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் நின்றும் அதன் இரும்பு ஓயவில்லை. ஆற்று மணல்தான் கைவிட்டது. இதையெல்லாம் பார்த்துப் பழகிய நமக்கு, இரும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், தண்ணீரையும் மண்ணையும் கவனித்தால் போதும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அது பாதி உண்மை. வெள்ளமே இல்லாமல் இரும்பு சாகும் வழியொன்றும் உண்டு. தாங்கக்கூடிய பாரத்தைவிடப் பலமடங்கு குறைந்த பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்க, ஒரு சின்னக் கீறலில் விரிசல் பிறந்து, கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒருநாள் பாகம் முறிகிறது. பொறியாளர்கள் இதை உலோகக் களைப்பு என்கிறார்கள். இதைத் தடுக்கும் வேலை எஃகு ஆலையோடு முடிவதில்லை. பெரும்பகுதி வெல்டரின் கையிலும் கிரைண்டர் பிடிப்பவரின் கையிலும் இருக்கிறது. அந்த வேலைக்கு நாம் தனியாகக் காசு கொடுப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் குறை. ஃபேப்ரிகேஷன் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் திருச்சிக்கு இது ஏட்டு விஷயம் அல்ல.

களைப்பில் பாரத்தின் அளவுக்கு இணையாக எண்ணிக்கையும் முக்கியம். பங்குனியில் திருவானைக்காவல் வீதிகளில் ஓடும் தேரையே எடுத்துக்கொள்வோம். வடம் பிடித்து நிலைக்கு வரும்வரை தேர் 2 கிலோமீட்டர் ஓடுகிறது, சக்கரத்தின் விட்டம் 2 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு தேரோட்டத்தில் சக்கரம் சுற்றுவது சுமார் 320 தடவை. ஆயிரம் ஆண்டு தவறாமல் தேர் ஓடினாலும் 3,20,000 சுற்றுதான். அதே வீதிகளுக்குப் பக்கத்தில், ஸ்ரீரங்கம் நிலையம் வழியாகப் போகும் விரைவு ரயில் பெட்டியின் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பெட்டி ஒரு நாளில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் 3,48,000 தடவை சுற்றிவிடும். தேருக்கு ஆயிரம் ஆண்டு எடுக்கும் கணக்கை ரயில் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. ரயில் பெட்டியின் அச்சு சக்கரத்தோடு சேர்ந்தே சுழல்வதால், அதன் பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. எஃகு சோதனைக்கூடங்களில் 1 கோடி சுழற்சியைத் தாண்டிய துண்டை இனி முறியாது என்று எடுத்துவைப்பது நெடுநாள் வழக்கம். ரயில் அச்சு அந்த 1 கோடியை ஒரே மாதத்தில் கடந்துவிடும். அதற்குப் பிறகும் பல வருடம் ஓட வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்பித்ததே ரயில் அச்சுகள்தாம். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. இரும்பு வேலை செய்து செய்தே உள்ளுக்குள் தன்மை மாறிப் படிகமாகிவிடுகிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். ராங்கின் என்ற இளம் பொறியாளர் உடைந்த அச்சுகளைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார். அச்சின் பருமன் சட்டென்று மாறும் கூர்மூலையில் விரிசல் தொடங்கி, ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே போகிறது என்றார். பின்னர் பிரஷ்ய ரயில்வேயில் வோலர் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்து, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கை வகுத்தார். அன்று தொடங்கிய கவனத்தை இன்றும் பொன்மலை போன்ற ரயில்வே பணிமனைகளுக்கு வரும் அச்சுகளில் காணலாம். பருமன் மாறும் இடங்களில் கூர்மூலை இருக்காது. வளைவாக இழைத்துக் கடைந்திருப்பார்கள். அடையாள எண்களை அச்சின் நடு உடம்பில் பஞ்ச் அடிக்க மாட்டார்கள். வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது உலோகத்துக்குள் எழும் விசைச் செறிவு, எட்டாத முனைமுகத்தில்தான் அடிப்பார்கள். ஒரு எண்ணை எங்கே குத்துவது என்பதற்குக்கூட விதி இருக்கிறது. குத்திய பள்ளமே விரிசலுக்கு வாசலாகிவிடும் என்ற அனுபவத்திலிருந்து வந்த விதி அது.

ஒரு சின்னப் பள்ளம் அத்தனை கெடுதல் செய்வதற்குக் காரணம், விசை ஓடும் வழியை அது மறிப்பதுதான். அகலமான தகடு ஒன்றை இழுக்கும்போது அதன் நடுவில் வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை பெரிதோ சிறிதோ, மூன்று மடங்குதான். வட்டத்துக்குப் பதிலாகக் கூரான பிளவாக இருந்தால் கதை மோசமாகிறது. 1913-இல் இங்லிஸ் என்ற பொறியாளர் தந்த சூத்திரப்படி, ஆழத்தை நுனியின் வளைவு ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழமும் நுனியில் 0.1 மில்லிமீட்டர் ஆரமும் உள்ள கீறலுக்கு விடை ஏழுக்கு மேல். அதாவது பாகம் முழுதும் சுகமாக இருக்கும்போதே அந்த நுனியில் ஏழு மடங்கு தகைவு. ஒருமுறை வந்துபோகும் பாரத்துக்கு எஃகு அந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துச் சமாளித்துவிடும். எஃகின் பெரிய குணமே அதுதான். கோடித் தடவை வரும் பாரத்துக்கு அந்த நெகிழ்வே எதிரி. ஒவ்வொரு தடவையும் நுனி சிறிது நெகிழ்ந்து மீள, நெகிழ்ந்து மீள, அங்கே விரிசல் பிறக்கிறது. முறிந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் வரலாறு முழுக்கத் தெரியும். விரிசல் வளர்ந்த பகுதி தேய்ந்து வழவழப்பாக, வளையம் வளையமாக இருக்கும். கடைசியில் தாங்க முடியாமல் ஒரே நொடியில் பிய்ந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். வளையங்களைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஒரு கூர்மூலையிலோ, ஒரு கீறலிலோ, எஃகுக்குள் சிக்கிய ஒரு துகளிலோ போய் நிற்கும்.

வெல்டிங்கில் இந்த வாசல்கள் ஏராளம். தகட்டின் மேல் ஸ்டிஃப்னர் எனும் விறைப்புப் பட்டையை வைத்து, மூலையை நிரப்பும் ஃபில்லட் வெல்டு போட்டிருப்பதைக் குனிந்து பார்த்தால், வெல்டின் மேடு (பீடு) முடிந்து தகடு தொடங்கும் ஓரம் தெரியும். அங்கே உருவம் சட்டென்று மாறுகிறது. கரண்ட் கூடிவிட்டால் அந்த ஓரத்தில் தகடு உருகி ஓடி, நீளவாக்கில் ஒரு வாய்க்கால் விழும். பட்டறையில் இதை அண்டர்கட் என்பார்கள். அண்டர்கட் இல்லாத நல்ல வெல்டிலும் ஓரத்தில் கசடு புகுந்த நுண்பிளவுகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு ஆழத்தில், இருக்கவே செய்யும். போதாததற்கு, ஆர்க் பிடிப்பதற்காக வெல்டர் ராடைத் தகட்டில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அந்த இடம் நொடியில் உருகி நொடியில் குளிர்ந்து, கடினமான, நுண்விரிசல் விட்ட ஒரு புள்ளியாகிவிடும். தூக்குவதற்காக ஒரு லக் வெல்டு செய்து, வேலை முடிந்ததும் கேஸ் கட்டரால் அறுத்துவிடுவார்கள்; அறுத்த வடு அப்படியே கிடக்கும். இவற்றில் எதுவும் வேலையின் பலத்தை அன்றைக்குக் குறைப்பதில்லை. லோடு டெஸ்ட் வைத்தால் பாஸாகும். பெயின்ட் அடித்ததும் மறைந்தும் போகும்.

பெயின்ட் என்றதும் சொல்ல வேண்டியது, 1980 மார்ச் 27 அன்று வட கடலில் கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலாண்ட் மேடையின் கதை. எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் மிதவை மேடை அது. புயல் காற்றில் அதன் ஐந்து கால்களில் ஒன்று கழன்று போக, மேடை கவிழ்ந்து 212 பேரில் 123 பேர் மாண்டார்கள். காலைப் பிடித்திருந்த ஆறு பெரிய குழாய்களில் ஒன்று களைப்பால் முறிந்ததே தொடக்கம். மற்ற ஐந்தும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் அடுத்தடுத்துப் பிய்ந்தன. அந்தக் குழாய் ஏன் முறிந்தது? கடலடியில் ஒலி கேட்கும் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகக் குழாயில் துளையிட்டு, ஒரு தாங்கியை வைத்து 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டு போட்டிருந்தார்கள். மேடையின் பலத்துக்கும் அந்தத் தாங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒட்டவைத்த துணைச் சாமான்தானே என்று அந்த வெல்டை யாரும் பொருட்படுத்தவில்லை. முறிந்த இடத்தைச் சோதித்தபோது விரிசலுக்குள்ளே பெயின்ட் இருந்தது. கப்பல் தளத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. மேடை 1976-இல் வேலைக்கு வந்தது. நான்கு ஆண்டு அலைகள் அந்த விரிசலை வளர்த்து முடித்தன. கடலில் நடந்ததாகத் தோன்றும் விபத்து பட்டறையில் தொடங்கியது.

இதைத் திருச்சியில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1965-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஆலை வந்தது. அதைச் சுற்றித் துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் மாத்தூர்ப் பக்கமும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. பெரும்பாலும் பாய்லர் சார்ந்த வேலைகள்: தாங்கு தூண்கள், காற்றுக் குழாய்கள், தொட்டிகள், படிக்கட்டு மேடைகள். இவற்றின்மேல் பாரம் ஒருமுறை ஏறினால் அங்கேயே நிற்கும். தூணில் ஒரு அண்டர்கட் இருந்தால் ஐம்பது வருடமும் அது அண்டர்கட்டாகவே இருக்கும். விரிசலாக வளர்வதற்கு அதற்கு வேலையில்லை. பெல் ஆர்டர்கள் குறைந்த பிறகு, பிழைப்பதற்காகப் பட்டறைகள் பல ரயில் பாலக் கர்டர் போன்ற வேறு வேலைகளின் பக்கம் திரும்பின. அது வரவேற்க வேண்டிய திருப்பம். ஆனால் கர்டரின் பிழைப்பு தூணின் பிழைப்பு அல்ல. நாளுக்கு 50 ரயில், ரயிலுக்கு 20 பெட்டி என்று வைத்தால்கூட, பாலத்தின் தண்டவாளத்தைத் தாங்கும் சிறு சட்டங்களுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் ஏற்ற இறக்கம். தூணில் குற்றமில்லாத அதே அண்டர்கட் இங்கே குற்றம். அதே வெல்டர், அதே மெஷின், அதே ராடு. மாற வேண்டியது பார்வை. பார்வை மாற வேண்டுமானால் கூலிக் கணக்கும் மாற வேண்டும். ஃபேப்ரிகேஷன் தொழிலில் வேலை பேசுவது டன் கணக்கில். எத்தனை டன் முடித்து அனுப்பினோம் என்பதுதான் பில். வெல்டின் ஓரத்தைக் கிரைண்ட் செய்து வழவழப்பாக்கினால் வேலையின் எடை கூடுவதில்லை. சில கிராம் குறையவே செய்கிறது! ஆள்கூலி, கரண்ட், டிஸ்க் எல்லாம் செலவு. பில்லில் வரவு ஏதுமில்லை. பிறகு எந்த முதலாளி அதைச் செய்யச் சொல்வார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்குக் காசு தருகிறோமோ அதுதான் கிடைக்கும்.

பாதுகாப்புக் காரணி என்று ஒன்று வைத்துத்தானே வடிவமைக்கிறார்கள், அதில் இதெல்லாம் அடங்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காரணி நிற்கும் பாரத்துக்கு வைத்தது. சாதாரணக் கட்டுமான எஃகு, சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன்வரை நெகிழாது. அதில் 150 வரை அனுமதிப்பது பழைய வழக்கம். அதே எஃகில் குறுக்கே ஒரு சின்ன ஸ்டிஃப்னரை வெல்டு செய்துவிட்டால், 20 லட்சம் சுழற்சி தாங்குவதற்கு ஏற்ற இறக்கத்தின் வீச்சு சுமார் 80-க்குள் இருக்க வேண்டும். அப்படியானால் இன்னும் உயர்ந்த எஃகை வாங்கிவிடலாமே? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 450 தர எஃகை வாங்கினாலும் வெல்டு ஓரத்தில் அந்த 80, 80-ஆகவே இருக்கும். விரிசல் பிறப்பதைத் தள்ளிப்போடும் விஷயத்தில்தான் உயர்ந்த எஃகுக்கு மேன்மை. வெல்டு ஓரத்திலோ நுண்பிளவு முதல் நாளே இருக்கிறது. அது வளரும் வேகத்தில் எஃகுக்கு எஃகு பெரிய வித்தியாசமில்லை. இது நம் நாட்டு விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஐஎஸ் 800, 2007 பதிப்பின் 13-ஆம் பிரிவு களைப்பைப் பற்றியது. அதில் இணைப்புகளை வகைப்படுத்தியிருப்பது உருவத்தையும் வெல்டையும் வைத்து. எஃகின் தர எண்ணை வைத்தல்ல. வெல்டு இல்லாத, கடைந்து எடுத்த பாகங்களில் உயர்ந்த எஃகு பயன்படும் என்றாலும், எஃகு கடினமாகக் கடினமாகக் கீறலைப் பொறுக்கும் குணமும் குறைந்துகொண்டே வரும். விலையுயர்ந்த எஃகில் ஷாஃப்ட் செய்து, சாவி பொருந்தும் பள்ளமான கீவேயின் மூலையைக் கத்தி முனையாக விட்டால், கொடுத்த விலையில் பாதி வீண்.

எடையைக் கூட்டிவிடலாம், தகட்டைத் தடிப்பாக்கலாம் என்பது இன்னொரு வழி. அது வேலை செய்யும், விலையும் அதிகம். வெல்டு செய்த இணைப்பின் ஆயுள், தகைவின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகிறது. தகைவு கால் பங்கு கூடினால் ஆயுள் பாதியாகும். இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். வெல்டு ஓரத்தை பர் கிரைண்டரால், அண்டர்கட்டின் அடிக்கும் கீழே அரை மில்லிமீட்டர்வரை இழைத்து வளைவாக்கினால், களைப்புத் தாங்குதிறன் 30 விழுக்காடு கூடுவதாகக் கொள்ளலாம் என்று சர்வதேச வெல்டிங் அமைப்பின் பரிந்துரை சொல்கிறது. மூன்றாம் அடுக்கில் பார்த்தால் அது இரண்டு மடங்குக்கு மேற்பட்ட ஆயுள். அதே 30 விழுக்காட்டைத் தகட்டின் தடிப்பால் பெற வேண்டுமானால் எத்தனை டன் எஃகு கூட வேண்டும் என்று எந்த எஸ்டிமேட் போடுபவரும் நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒரு எச்சரிக்கை மட்டும். கிரைண்ட் செய்வதும் தெரிந்து செய்ய வேண்டிய வேலை. டிஸ்க் விட்ட கோடுகள் விசையின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு கோடும் புதிதாக ஒரு கீறல். பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

அந்தக் காலத்துப் பாலங்கள் இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லாமலே நூறாண்டு நிற்கவில்லையா என்பதுதான் திருச்சியில் அதிகம் கேட்கக்கூடிய ஆட்சேபம். பழைய கொள்ளிடம் பாலம் கண்முன் சாட்சியாக நின்றதாயிற்றே. பதில் ரிவெட்டில் இருக்கிறது. அன்றைய பாலச் சட்டங்கள் பல தகடுகளையும் கோணக் கம்பிகளையும் ரிவெட் அடித்துச் சேர்த்தவை. ரிவெட் துளையிலும் தகைவு மூன்று மடங்குதான். அங்கேயும் விரிசல் விடும். ஆனால் ஒரு தகட்டில் விட்ட விரிசல் அந்தத் தகட்டின் எல்லையோடு நின்றுவிடும். பக்கத்துத் தகட்டுக்குத் தாவாது. வெல்டு செய்த கர்டர் ஒரே துண்டு. ஸ்டிஃப்னர் ஓரத்தில் தொடங்கிய விரிசல் அடித்தகட்டில் இறங்கி, வயிற்றுத் தகட்டில் ஏறி, நிற்காமல் போகலாம். பழமை மட்டும் யாரையும் காப்பாற்றியதில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. கொள்ளிடம் பாலம் பிறந்த அதே 1928-இல் அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் குறுக்கே சில்வர் பிரிட்ஜ் திறக்கப்பட்டது. கயிறுகளுக்குப் பதிலாக, உறுதியான எஃகில் செய்த கண் வைத்த பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்ட பாலம். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், ஒரு பட்டை கண் துளையருகே உடைந்தது. ஒரு நிமிடத்துக்குள் பாலம் முழுவதும் ஆற்றில் கிடந்தது. 46 பேர் இறந்தார்கள். விரிசலின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். துருவும் தகைவும் சேர்ந்து அதை வளர்த்திருந்தன. அது இருந்த இடமோ, பட்டையைக் கழற்றாமல் பார்க்கவே முடியாத இடம். ஒரே வயதுள்ள இரண்டு பாலங்களில், ஒன்றில் பாரத்துக்கு மாற்று வழி இருந்தது, மற்றதில் இல்லை. வெல்டு கர்டர்கள் இந்த விஷயத்தில் இரண்டாவது ரகத்துக்கு நெருக்கம்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. துரு அரித்த குழியும் ஒரு கீறல்தான். பட்டறையில் இல்லாமல் வேலையில் இருக்கும்போது பிறக்கும் கீறல். உப்புக் காற்றில் எஃகுக்குக் களைப்பில்லாத பாதுகாப்பான எல்லை என்று ஒன்று கிடையாது. பாம்பனில் கடல்மேல் கட்டிய புதிய ரயில் பாலத்தைத் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் துருவைப் பற்றிக் கேள்வி எழுப்பியதை இந்தக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும்.

சோதனை செய்து கண்டுபிடித்துவிடலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோதனை அவசியம், அதுவே போதாது. எக்ஸ்ரே எடுத்தால் வெல்டின் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நன்றாகத் தெரியும். உருண்டையான, உள்ளே புதைந்த ஒரு குமிழி களைப்புக்கு அவ்வளவு ஆபத்தானதல்ல. ஓரத்தில் இருக்கும் கூர்மையான கால் மில்லிமீட்டர் பிளவுதான் ஆபத்து, அது எக்ஸ்ரேயில் தப்பிவிடும். ஆக, குமிழிக்காக நல்ல வெல்டைத் தோண்டியெடுத்து மறுபடி போட்டு, அந்த மறுவேலையிலேயே புதிய ஓரப்பிளவை உண்டாக்கிவிட்டு, ஃபிலிம் சுத்தமாக வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுவதும் நடக்கக்கூடியதே. ஜப்பானிய ஆய்வாளர் முராகாமி, குறைகளின் அபாயத்தை அளக்க எளிய வழி ஒன்று தந்தார். விசைக்குச் செங்குத்தான தளத்தில் குறையின் நிழல் எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்று பார். அந்தப் பரப்பும் எஃகின் கடினத்தன்மையும் தெரிந்தால் களைப்பு எல்லையைச் சொல்லிவிடலாம் என்றார். விசையின் திசையிலேயே நீண்டு கிடக்கும் கீறல் பெரிதானாலும் அதன் நிழல் சிறிது. குறுக்கே விழுந்த கீறல் சிறிதானாலும் கெடுதல் அதிகம். எல்லாக் குறையையும் ஒழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குறையில்லாத உலோகம் உலகத்தில் கிடையாது. எந்தக் குறை எங்கே இருந்தால் ஆகாது என்று பிரித்துப் பார்க்கத்தான் கேட்கிறோம்.

கடைசியாக, நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லும் ஆட்சேபம். கிரைண்டிங்குக்குத் தனி ரேட் வைத்தால், செய்யாத வேலைக்கும் பில் வரும் என்பார்கள். நம் ஊரில் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வேலை மற்ற வேலைகளைவிட ஏமாற்றுவதற்குக் கடினமானது. வெல்டு ஓரம் இழைக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது பெயின்டுக்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். விரலால் தடவினாலும் தெரியும். ஆரத்தைச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் கேஜ் போதும். மீட்டர் கணக்கில் அளந்து, போட்டோ எடுத்து, மெஷர்மென்ட் புத்தகத்தில் ஏற்றலாம். கர்டர் முழுவதற்கும் இது தேவையில்லை. தகைவு அதிகம் ஏறி இறங்கும் இணைப்புகள் ஒரு கர்டரில் சில இடங்களில்தான் இருக்கும். எவை என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் டிராயிங்கில் குறித்துத் தர வேண்டும். இன்று பெரும்பாலான பட்டறைகளுக்கு வரும் டிராயிங்கில் வெல்டின் அளவு இருக்கும். இந்த வெல்டில் ரயில் ஏறுமா, இது வெறும் கைப்பிடியைத் தாங்கப் போகிறதா என்ற செய்தி இருக்காது. வெல்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே ரயில்வே கட்டுமானப் பிரிவும் நெடுஞ்சாலைத் துறையும் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. டெண்டர் அட்டவணையில் டன்னுக்கு இவ்வளவு என்ற வரிக்குக் கீழே, குறித்த இணைப்புகளில் வெல்டு ஓரம் இழைக்க மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பெயின்டுக்கு முன் ஒரு தனி ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும். ஆர்க் தேய்த்த வடு, அறுத்த லக்கின் வடு ஆகியவற்றை இழைத்து, விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனை செய்யாமல் வேலையை ஏற்கக் கூடாது. பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1975 முதல் பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, என்ஐடியில் உலோகவியல் துறை இருக்கிறது. துவாக்குடிப் பட்டறை வெல்டர்களுக்கும் கிரைண்டர்களுக்கும் தமிழில், முறிந்த பாகங்களைக் கையில் கொடுத்துக் காட்டி நடத்தும் ஒரு வாரப் பயிற்சி இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் எட்டாத காரியம் அல்ல. கர்டர் ஆர்டர் எடுக்கும் பட்டறைகளின் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது டன் ரேட்டை உயர்த்தச் சொல்லி அல்ல. இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி. அடுத்த டெண்டருக்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே கேட்கலாம்.